சார்ஜரில் ஆம்பியர் கூடினால் லேப்டாப் எரிந்துவிடுமா?

கேள்வி: என் மகளின் லேப்டாப் சார்ஜர் பழுதாகிவிட்டது. பழையதில் 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்று இருக்கிறது. கடையில் 19 வோல்ட், 4.74 ஆம்பியர் சார்ஜரைக் கொடுத்து, தாராளமாகப் போடலாம் என்கிறார்கள். ஆம்பியர் கூடுதலாக இருப்பதால் பயமாக இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். கடைக்காரர் சொன்னது சரிதான். ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் இன்னும் சிலவற்றைப் பார்த்துவிடுங்கள்.

சார்ஜரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 'அவுட்புட்' என்ற வரிதான் நமக்கு முக்கியம். அதில் வோல்ட் என்பது சார்ஜர் கொடுக்கும் மின்னழுத்தம். ஆம்பியர் என்பது அதனால் அதிகபட்சம் எவ்வளவு மின்னோட்டம் தர முடியும் என்பதற்கான அளவு. அதில் எவ்வளவு எடுப்பது என்பது லேப்டாப்பின் தேவையைப் பொறுத்தது. வீட்டில் 6 ஆம்பியர் பிளக் பாயிண்டில் 5 வாட் விடிவிளக்கைச் செருகுகிறோம். விளக்கு எரிந்தா போகிறது? தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இதுவும் அப்படித்தான்.

இரண்டையும் பெருக்கினால் வாட். உங்கள் பழைய சார்ஜர் 65 வாட், புதியது 90 வாட். வாட் குறைந்தால்தான் ஆபத்து: 40 வாட் சார்ஜரைப் போட்டால் அது கொதிக்கும்; வேலை செய்யச் செய்ய பேட்டரி இறங்கிக்கொண்டே போகும்.

வோல்ட் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 19-க்கு 19.5 இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஆனால், லேப்டாப்பில் செருகும் பின் பொருந்துகிறதே என்று பிரிண்டரின் 24 வோல்ட் அடாப்டரைச் செருகிவிட்டு என்னிடம் வந்த லேப்டாப் ஒன்றைத் திறந்து பார்த்தேன். சார்ஜிங் முனைக்குப் பக்கத்தில் மிளகளவு சிப் ஒன்று கருகி, போர்டில் பழுப்பு வட்டம் விழுந்திருந்தது. பின் பொருந்துவதை மட்டும் வைத்து எதையும் செருகக் கூடாது.

அப்புறம், ஸ்டிக்கரில் புள்ளியும் அதைச் சுற்றி அரைவட்டமுமாக ஒரு சின்னப் படம் இருக்கும். புள்ளி எந்தப் பக்கம் இணைகிறது, பிளஸ்ஸா மைனஸா என்று பாருங்கள். பழையதிலும் புதியதிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

லேப்டாப்பையும் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். சார்ஜர் பின்னின் வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டர் என்றாலும் உள்துளை 2.5, 1.7 என்று மாறும். தொளதொளவென்று இருந்தால் முனை சூடேறும். சில மாடல்களில் பின்னின் நடுவே ஊசி போல ஒரு கம்பி இருக்கும். சார்ஜர் எது என்று லேப்டாப்புக்குச் சொல்வது அதுதான். அடையாளம் தெரியாவிட்டால் லேப்டாப் ஓடும், பேட்டரி ஏறாது. அதனால் பத்து நிமிடம் அங்கேயே போட்டு, சதவீதம் ஏறுகிறதா என்று பாருங்கள்.

இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் முத்திரையும், 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இல்லாத சார்ஜரை விலை குறைவு என்று வாங்காதீர்கள். அந்த எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால், யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று கடையில் நிற்கும்போதே தெரிந்துவிடும்.