கால் வீக்கமும் நிணநீரும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கேள்வி: சிறு வயதிலிருந்தே தீவுப் பக்கம் போய்க் கடல்பாசி எடுத்து வருகிறேன். இரண்டு ஆண்டுகளாக இடது கால், பாதத்திலிருந்து முழங்கால் வரை வீங்கியிருக்கிறது. அடிக்கடி குளிர்காய்ச்சல் வந்து, கால் சிவந்து, தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது. யானைக்கால் மாத்திரையை 12 நாள் தவறாமல் சாப்பிட்டும் வீக்கம் வற்றவில்லை. கடலுக்குப் போவதை நிறுத்த வேண்டுமா? அக்கம்பக்கத்தார் தங்கள் பிள்ளைகளை என்னிடம் விடுவதில்லை என்பது இன்னொரு வேதனை.
– வாசகி, பாம்பன்

பதில்: பிள்ளைகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன் அம்மா. இந்த நோய் தொட்டால் ஒட்டாது. ஒரே பாயில் படுத்தாலும் ஒரே தட்டில் சாப்பிட்டாலும் பரவாது. சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் பெருகும் கியூலெக்ஸ் கொசுதான் நம் பகுதிகளில் இதைப் பரப்புகிறது. யானைக்கால் புழுவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பை ஸ்காட்லாந்து மருத்துவர் பேட்ரிக் மேன்சன் 1877-லேயே கண்டறிந்துவிட்டார். இத்தனை காலத்துக்குப் பிறகும் நோயுற்றவரை ஒதுக்கி வைப்பது பெரும் அநியாயம். உங்கள் அண்டை வீட்டாரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

இரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீரையும் புரதத்தையும் திரும்ப இரத்தத்தில் சேர்ப்பது நிணநீர்க் குழாய்களின் வேலை. யானைக்கால் புழுக்கள் இக்குழாய்களுக்குள் பல ஆண்டுகள் வாழ்ந்து, அவற்றை விரிவடையச் செய்து, உள்ளிருக்கும் வால்வுகளையும் கெடுத்துவிடுகின்றன. நீங்கள் சாப்பிட்ட டையெத்தில்கார்பமசின் மாத்திரை இரத்தத்தில் திரியும் புழுக்குஞ்சுகளை அழிக்கும். பெரிய புழுக்களில் ஒரு பகுதியையும் கொல்லும். ஆனால் கெட்டுப்போன குழாயை அதனால் பழையபடி ஆக்க முடியாது. மாத்திரை வீணாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். உங்களிடமிருந்து கொசு வழியாக அடுத்தவருக்கு நோய் போவதை அது தடுக்கிறது. நீர் பிரியச் செய்யும் மாத்திரைகளை மட்டும் இந்த வீக்கத்துக்காக நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள், அவற்றால் பயனில்லை.

வீக்கத்தைவிட அந்தக் குளிர்காய்ச்சல்தான் எனக்குக் கவலை தருகிறது. அது பெரும்பாலும் புழுவால் வருவதில்லை. விரலிடுக்கிலோ குதிகாலிலோ உள்ள வெடிப்பு வழியே நுழையும் பாக்டீரியாவால் வருகிறது. ஒவ்வொரு முறை காய்ச்சல் வந்து போகும்போதும் மிச்சமிருக்கும் நிணநீர்க் குழாய்கள் மேலும் சேதமடைந்து, தோல் தடித்து, கால் இன்னும் ஒரு சுற்றுப் பெருக்கிறது. ஆகவே காய்ச்சலை நிறுத்தினால் வீக்கம் வளர்வதையும் பெருமளவு நிறுத்தலாம். அதற்கான வைத்தியம் உங்கள் வீட்டு முற்றத்திலேயே இருக்கிறது.

கடலிலிருந்து வந்ததும் காலை நல்ல தண்ணீரிலும் சாதாரணக் குளியல் சோப்பிலும் கழுவுங்கள். நம் கரையில் நல்ல தண்ணீர் குடக்கணக்கில் விலைக்கு வாங்குவது என்பது எனக்குத் தெரியும். ஒரு காலுக்கு அரைக் குடம் போதும். உவர்நீர்க் கிணற்றில் சோப்பு நுரைக்காது, தோலும் வறண்டு வெடிக்கும் என்பதால் கடைசி அலசலாவது நல்ல தண்ணீரில் இருக்கட்டும். தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, விரலிடுக்கு ஒவ்வொன்றிலும் மெல்லிய பருத்தித் துணியை நுழைத்து ஈரத்தை எடுங்கள். அங்கே தோல் வெள்ளையாக ஊறியிருந்தால் அது பூஞ்சை; அதற்கான களிம்பை மருத்துவரிடம் கேட்டுத் தடவுங்கள். பாறையும் முள்ளும் கிழிக்காமலிருக்கப் பாசி எடுப்பவர்கள் விரலில் துணி சுற்றுகிறீர்கள் அல்லவா, அந்த ஈரத்துணியைக் கரையேறியதும் கழற்றிவிடுங்கள். இரவில் காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்துப் படுப்பதும், உட்கார்ந்திருக்கும்போது கணுக்காலை மேலும் கீழும் அசைப்பதும் நிணநீரை மேலேற்ற உதவும்.

காய்ச்சல் வந்துவிட்டால் கட்டுப் போடுவதும் பயிற்சி செய்வதும் கூடாது. காலை உயர்த்தி ஓய்வெடுத்து, அன்றே மருத்துவரைப் பார்த்து ஆன்டிபயாடிக் தொடங்குங்கள். அடிக்கடி வருபவர்களுக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போட்டுத் தடுக்கும் வழியும் உண்டு. ஒவ்வாமை உள்ளதா என்று பார்த்த பிறகே அதைப் போட வேண்டும்.

கடலை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சொல்லத் தேவையுமில்லை. ஆனால் காலில் ஆறாத புண் இருக்கும் நாட்களில் மட்டும் இறங்காதீர்கள். வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ என்ற பாக்டீரியா, இப்படிப்பட்ட காலில் மிக வேகமாகப் பரவக்கூடியது. புண்ணைச் சுற்றிச் சில மணி நேரத்துக்குள் கருஞ்சிவப்புக் கொப்புளங்கள் எழுந்தால் மறுநாள் வரை காத்திராமல் பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: என் மாமியாருக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை செய்து, அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். இப்போது அந்தக் கை வீங்கி, வளையல் ஏறவில்லை. அந்தக் கையால் வேலையே செய்யக்கூடாது என்றும், எண்ணெய் போட்டு அழுத்தி நீவிவிட வேண்டும் என்றும் உறவினர்கள் சொல்கிறார்கள்.
– வாசகி, கீழக்கரை

பதில்: இரண்டையுமே கேட்காதீர்கள். தசை அசையும்போது நிணநீர் நன்றாக நகர்கிறது; கையை அசைக்காமல் வைத்திருந்தால் வீக்கம் கூடும், தோளும் இறுகிவிடும். அம்மிக்கல்லை இழுப்பது போன்ற திடீர்ப் பாரம் மட்டும் ஆரம்பத்தில் வேண்டாம். மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு போகலாம். அழுத்தி நீவுவது ஏற்கெனவே நலிந்த குழாய்களை நசுக்கும். பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் செய்யும் நிணநீர் நீவலோ, தோலை மட்டும் மெல்ல இழுத்துவிடும் அளவுக்கு இலேசானது. அதோடு பல அடுக்குக் கட்டுப் போட்டு வீக்கத்தைக் குறைத்து, பிறகு அளவெடுத்துச் செய்த அழுத்த உறையைப் பகலில் அணிய வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது தொல்லைதான். ஆனாலும் அதைக் கைவிட்டவர்களுக்குக் குறைந்த வீக்கம் திரும்பிவிடுகிறது. இதையெல்லாம் தொடங்கும் முன் அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள், ஏனெனில் புதிதாக வரும் வீக்கத்துக்கு இரத்தக்கட்டியோ, நோய் மீண்டும் தலைகாட்டுவதோ காரணமாக இருக்கலாம்.

கேள்வி: விசைப்படகில் வேலை செய்கிறேன். விதைப்பை பல ஆண்டுகளாக வீங்கியிருக்கிறது. வெளியில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. மாத்திரையில் கரையுமா?
– வாசகர், தொண்டி

பதில்: கரையாது தம்பி. ஆனால் நீங்கள் கூச்சப்பட்டு மறைக்கும் இந்த வீக்கம் விதைப்பையில் நீர் கோத்ததாக இருந்தால், அதுதான் யானைக்கால் புழுவால் வரும் கோளாறுகளில் அறுவை சிகிச்சையால் பெரும்பாலும் முழுமையாகத் தீரக்கூடியது. குடலிறக்கமா, நீர் கோத்ததா, வேறு கட்டியா என்பதை ஸ்கேன் காட்டிவிடும். ஊசியால் நீரை மட்டும் எடுத்தால் பெரும்பாலும் மறுபடி சேரும். அரசு மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் சிகிச்சைக்கு நாள் குறித்துக்கொண்டால், புண் ஆறும் வரை வலை இழுக்காமல் இருக்க உங்களுக்கும் தோதாக இருக்கும்.