நடு நட்டைத் தொடாதீர்கள்

வாசகர் கேள்வி, காரைக்குடியிலிருந்து: அப்பா ஓட்டிய 1967 ஸ்டாண்டர்டு ஹெரால்டை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எடுக்கிறேன். வேகத்தடையில் ஏறி இறங்கினால் தொட்டில் மாதிரி நாலைந்து தடவை ஆடுகிறது. முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் வழிகிறது. நான்கையும் புதிதாக வாங்கிவிட்டேன். வீட்டிலேயே மாற்றலாமா?

முக்கால்வாசி வேலையைத் தாராளமாகச் செய்யலாம். மீதிக் கால்வாசியில்தான் என் இடது கட்டைவிரல் நகம் போனது. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

நீங்கள் கொடுத்துவைத்தவர். மெட்ராஸில் 1961 முதல் செய்யப்பட்ட இந்த வண்டிக்கு உடம்பு வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். மட்கார்டும் பானெட்டும் ஒரே துண்டு. பக்கத்துக் கொக்கிகளைக் கழற்றினால் மொத்தமும் முன்னால் கவிழும். அப்புறம் முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இந்தச் சுகம் வேறு எந்தப் பழைய காரில் எனக்குக் கிடைத்தது?

முந்தின நாள் இரவே எல்லா நட்டுகளிலும் மண்ணெண்ணெய் விட்டு ஊறவையுங்கள். ஸ்பேனர் அங்குல அளவில்தான் வேண்டும். கையில் இருக்கிற மெட்ரிக் ஸ்பேனரை வைத்து முறுக்கினால் நட்டின் மூலை மழுங்கிவிடும், பிறகு உளிதான். பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சேஸிஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு வையுங்கள். ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம். அது சொல்லாமல் கொள்ளாமல் பொடிந்துவிடும்.

முன்பக்கம் ஸ்பிரிங்குக்கு உள்ளேதான் ஷாக் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரே உருப்படி. சக்கரத்தைக் கழற்றியதும் அச்சுப் பகுதிக்கு அடியில் ஒரு சின்ன ஜாக்கியை முட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் பிரேக் ஹோஸ் பாரத்தைத் தாங்க வேண்டிவரும். கீழ்க் கையில், அதாவது சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கிற கீழ் இரும்புக் கரத்தில், ஒரு நீளமான போல்ட், மேலே மூன்று நட்டு. இந்த நான்கும் வந்துவிட்டால் உருப்படி முழுசாக வெளியே வந்துவிடும்.

மேலே அந்த மூன்றுக்கும் நடுவில் இன்னொரு நட்டு இருக்கும். அதைத் தொடாதீர்கள். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்துவைத்திருப்பதே அதுதான். நான் இருபத்தாறு வயதில், அத்தனை பலம் அதற்கு எங்கிருந்து வரப்போகிறது என்று தேங்காய் நார்க் கயிற்றால் ஸ்பிரிங்கைக் கட்டிவிட்டு அந்த நட்டைத் திருகினேன். கயிறு அறுந்தது. ஷாக்கின் மேல் தட்டு கொட்டகைக் கூரையைத் துளைத்துக்கொண்டு போனது, போகிற வழியில் என் நகத்தையும் எடுத்துக்கொண்டது. மழை வந்தால் அந்த ஓட்டைக்குக் கீழே இன்றும் வாளி வைக்கிறோம். ஆகவே கழற்றிய உருப்படிகளை அப்படியே ஒரு பையில் போட்டு, முறையான ஸ்பிரிங் கம்ப்ரஸர் இருக்கிற பட்டறைக்குக் கொண்டுபோங்கள். அங்கே அரை மணி நேர வேலை. இதில் ரோஷம் பார்க்க வேண்டாம்.

புது ஷாக்குகளைக் கொடுப்பதற்கு முன், வண்டியில் நிற்கிற நிலையில் நிமிர்த்திப் பிடித்து ஏழெட்டு முறை முழுசாக இழுத்து அமுக்குங்கள். கடையில் படுத்துக் கிடந்ததில் உள்ளே காற்று புகுந்திருக்கும். முதலில் தொளதொளவென்று போய்வந்து, பிறகு ஒரே சீராக முரண்டு பிடிக்கும். முரண்டு பிடிக்காத ஷாக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பின்பக்கம் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. குறுக்கே போகும் ஒரே பட்டை ஸ்பிரிங். ஆகவே கம்ப்ரஸர் தொல்லை இல்லை. ஆனால் சக்கர அச்சு தொங்கிவிடாமல் ஜாக்கியால் தாங்கிய பிறகே போல்ட்டை எடுங்கள். ரப்பர் புஷ் (போல்ட்டைச் சுற்றி இருக்கிற ரப்பர் வளையம்) உள்ள போல்ட்டுகளை முதலில் கையிறுக்கமாக மட்டும் விட்டு, வண்டி நான்கு சக்கரத்திலும் நின்ற பிறகு முழுசாக இறுக்குங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும்.

கீழே குனிந்தது குனிந்தீர்கள், முன் சக்கரத்தின் கீழ் ட்ரன்னியனையும் பாருங்கள். பித்தளைத் துண்டு, உள்ளே மரை. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் கீழ் முனை இந்த மரையில்தான் நின்று திரும்புகிறது. அதற்கு கியர் எண்ணெய்தான் ஊட்ட வேண்டும். நம் சர்வீஸ் ஸ்டேஷன்களில் கிரீஸ் கன்னை வைத்து அழுத்திவிடுவார்கள். கிரீஸ் இறுகி, எண்ணெய் போகிற வழியையே அடைத்து, உள்ளே தண்ணீர் தேங்கித் துருப்பிடித்து, ஒருநாள் வளைவில் திரும்பும்போது செங்குத்துத் தண்டு ஒடிந்து சக்கரம் மடங்கும். ஷாக் போனால் ஆட்டத்தோடு விட்டுவிடும், இது அப்படி இல்லை.

வாசகர் கேள்வி, திண்டுக்கல்லிலிருந்து: ஒரு பக்கம்தான் கசிகிறது. ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா?

போதாது. ஒரே அச்சில் இருக்கிற இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புதுசு ஒரு பக்கமும் கிழடு ஒரு பக்கமுமாக இருந்தால் பள்ளத்தில் இறங்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். கசியாத பழசைத் துடைத்து எண்ணெய் போட்டு வையுங்கள், அவசரத்துக்கு ஆகும்.