பொருளை வீசாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதைச் சுழற்சிப் பொருளாதாரம் என்கிறார்களே, அதனால் நிஜமாகவே குப்பை குறையுமா?

குறையும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கட்டிங் பிரிவில் சில வருடம் வேலை பார்த்தவன் நான். அங்கே கண்ணால் பார்த்ததை வைத்தே சொல்கிறேன்.

பனியனுக்குத் துணி வெட்டும்போது கழுத்து, கை வளைவுகளில் துண்டு விழுந்துகொண்டே இருக்கும். நூறு கிலோ துணிக்குப் பத்து கிலோவுக்கு மேலேயே போகும். இந்தக் கட்டிங் வேஸ்ட்டை யாரும் குப்பையில் கொட்டுவதில்லை, கிலோ கணக்கில் விலைக்குப் போகிறது. குடோனில் பெண்கள் உட்கார்ந்து நிறம் நிறமாகப் பிரிப்பார்கள். அப்புறம் அது மெஷினில் கிழிபட்டுப் பஞ்சாகி, ஓப்பன் எண்ட் மில்லில் (குட்டை இழையையும் நூற்கும் மில்) மறுபடி நூலாகிறது.

கறுப்புத் துண்டிலிருந்து வரும் நூல் கறுப்பாகவே வரும், புதிதாகச் சாயம் ஏற்ற வேண்டாம். எனக்குப் பெரிய விஷயமாகப் படுவது இதுதான். சாயக்கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இங்குள்ள சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் எங்கள் ஊரில் யாரும் மறக்கவில்லை. சாயம் ஏற்றாத ஒவ்வொரு கிலோ நூலுக்கும், சாயம் ஏற்றச் செலவாகும் தண்ணீரும் உப்பும் மிச்சம். பருத்தி மிச்சமாவது தனி.

ஆனால் சரியாகப் பிரித்தால்தான் இதெல்லாம் நடக்கும். ஒருமுறை எங்கள் வெள்ளை மூட்டையில் லைக்ரா (இழுத்தால் நீளும் செயற்கை இழை) சேர்ந்த துண்டுகள் கலந்துவிட்டன. பிரிக்கும் அக்கா ஒரு துண்டை எடுத்து இரண்டு கையாலும் இழுத்தார். அது ரப்பர் மாதிரி சுருங்கியது. "இது ஆகாது கண்ணு, மில்லுல வாங்க மாட்டாங்க" என்று மூட்டையையே ஓரம் தள்ளிவிட்டார். லைக்ரா இழுபட்டு மெஷினில் சுற்றிக்கொள்ளும், பஞ்சோடு சேராது. அத்தனை நல்ல பருத்தியும் அன்றைக்கு அடிமாட்டு விலைக்குத்தான் போனது. மறுநாளே வெள்ளை, கலர், லைக்ரா என்று மேசைக்கடியில் மூன்று சாக்கு வைத்தோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். துணியைக் கிழித்துப் பஞ்சாக்கும்போது இழை குட்டையாகிவிடுகிறது. அதனால் மெல்லிய நூல் வராது. பாலியஸ்டரோ புதுப் பஞ்சோ கலந்து, பெரும்பாலும் போர்வை, மிதியடி, வேலைக் கையுறை மாதிரி தடித்த சாமான்களுக்குத்தான் போகும். ஒரே பருத்தியை எத்தனை தடவை வேண்டுமானாலும் சுற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

அதனால் மறுசுழற்சிக்கு முன்னால், துண்டே குறைவாக விழும்படி வெட்டுவதுதான் முதல் வேலை. எங்கள் கட்டிங் மாஸ்டர் மார்க்கர் போடும்போது, அதாவது எந்தத் துண்டை எங்கே வெட்டுவது என்று வரையும்போது, பெரிய சைஸ்களுக்கு இடையில் இருக்கும் சந்தில் சின்ன சைஸ் கைத்துண்டைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்ப்பார், அது உட்காரும் வரைக்கும் கத்திரியைத் தொட மாட்டார்.