தேயிலை மலையில் எடுத்த கல்யாண வீடியோ: முகத்தில் பச்சை அடித்தால் என்ன செய்வது?

கேள்வி: கொட்டகலைப் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கிறேன். மணமக்களைத் தேயிலை மலைக்குள் நிறுத்தி எடுத்த காட்சிகளில் முகம் பச்சை அடிக்கிறது. ஆட்டோ பட்டனை அழுத்தினால் ஊதாவாகிவிடுகிறது. மூடுபனியில் எடுத்தவை நீலமாக இருக்கின்றன. இரண்டு கமராவின் நிறமும் ஒத்துப்போகவில்லை. என்னிடம் டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ மென்பொருளின் இலவசப் பதிப்பு இருக்கிறது. காசு கொடுத்து லட் (LUT, ஆயத்த நிற அமைப்பு) தொகுப்பு வாங்கினால் சரியாகுமா?

பதில்: வாங்க வேண்டாம். உங்களுக்கு வேண்டிய கருவிகள் எல்லாம் இலவசப் பதிப்பிலேயே இருக்கின்றன. கடைகளில் விற்கும் லட்களில் பல, பின்னால் நிறம் திருத்துவதற்கென்றே லாக் என்ற முறையில் எடுத்த வெளிறிய காட்சிக்காகச் செய்யப்பட்டவை. சாதாரண முறையில் எடுத்த வீடியோவின் மேல் அவற்றைப் போட்டால் கருமை இன்னும் கருத்து, முகம் செம்பு போலாகிவிடும்.

ஆட்டோ பட்டன் ஏன் ஏமாற்றுகிறது என்பதை முதலில் சொல்கிறேன். அத்தகைய கருவிகள் பெரும்பாலும், ஒரு காட்சியின் நிறங்களை எல்லாம் கலந்தால் சாம்பல் வரவேண்டும் என்ற கணக்கில் வேலை செய்பவை. கூடத்துக்குள் எடுத்த காட்சியில் அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். தேயிலை மலையில் முக்கால் பங்கு பச்சைதானே? அது மென்பொருளுக்குக் கோளாறாகத் தெரிகிறது. பச்சையைக் குறைக்க அது அதற்கு எதிர் நிறமான மெஜந்தாவை (ஊதா கலந்த சிவப்பு) சேர்க்கிறது, மாப்பிள்ளை ஊதாவாகிறார். வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைத் தானே சரிசெய்யும் கமராவின் ஆட்டோ வைட் பேலன்ஸும் இதே தவறைச் செய்யும். அதனால்தான் கமராவைத் தேயிலையிலிருந்து வேட்டிப் பக்கம் திருப்பும்போது, ஒரே கிளிப்புக்குள் நிறம் மெல்ல நழுவுகிறது. அப்படி நழுவிய இடத்தில் இரண்டு கீஃபிரேம் (மாற்றம் தொடங்கும், முடியும் இடங்களின் குறி) வைத்து, எதிர்ப்பக்கம் நழுவ விட வேண்டும்.

இனி முகத்துக்கு வருவோம். இடுப்பளவு செடிகளுக்கு நடுவே நிற்பவருக்கு நெற்றியிலும் கன்னத்து மேட்டிலும் விழுவது வானத்து வெளிச்சம். தாடைக்கு அடியிலும் கழுத்திலும் விழுவது கொழுந்து திருப்பி அடிக்கும் பச்சை வெளிச்சம். ஆகவே பச்சை முகம் முழுவதிலும் இல்லை. நிழற்பகுதியிலும் இடைப்பகுதியிலும்தான் இருக்கிறது. படம் முழுவதையும் பச்சைக்கும் மெஜந்தாவுக்கும் இடையே நகர்த்தும் டின்ட் என்ற ஒரே குமிழைத் திருப்பினால் நன்றாக இருக்கும் நெற்றியும் சேர்ந்து கெடும். அதற்குப் பதிலாக, லிஃப்ட் (நிழற்பகுதி), காமா (இடைப்பகுதி), கெயின் (வெளிச்சப்பகுதி) என்ற மூன்று வண்ணச் சக்கரங்களில் காமாவை மட்டும் மெஜந்தா பக்கம் ஒரு நூலளவு நகர்த்துங்கள். போதாவிட்டால் லிஃப்டில் அதிலும் பாதி. கெயினைத் தொடாதீர்கள்.

சரியாக வந்துவிட்டதா என்று கண்ணைக் கேட்காதீர்கள்; பத்து நிமிடத்தில் கண் எந்த நிறத்துக்கும் பழகிவிடும். நிறச்சாயலை வட்ட வரைபடமாகக் காட்டும் வெக்டர்ஸ்கோப்பைத் திறந்து, முகத்தைச் சுற்றி ஒரு விண்டோ (எல்லைக் கோடு) போட்டு அதை மட்டும் பாருங்கள். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே தோல் நிறக் கோடு ஒன்று இருக்கும். அது வெள்ளைக்காரருக்கு மட்டும் உரியது என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. கறுப்போ மாநிறமோ, தோலின் நிறச்சாயல் அந்தக் கோட்டை ஒட்டியே விழும். மாறுவது வெளிச்சமும் அடர்த்தியும்தான். ஆகவே நம் முகங்களை வெளுக்க வைத்துவிட்டு அதற்குக் கலர் கரெக்ஷன் என்று பெயர் சூட்டத் தேவையில்லை.

வெள்ளைக்கு வேட்டியைக் காட்டிச் சரிசெய்யலாம் என்று தோன்றும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நீலம் போட்டு அலசிய வேட்டி கமராவுக்கு வெள்ளையே அல்ல. அதை வெள்ளையாக்கப் போய் மற்ற எல்லாவற்றையும் மஞ்சளாக்கினேன். வீடியோவைப் பார்த்த பெண்ணின் தாயார், "என் பிள்ளைக்கு எப்போது காமாலை வந்தது?" என்று கேட்டார். இப்போது சீமெந்துச் சுவரோ கருங்கல்லோ காட்சியில் இருந்தால் அதைத்தான் பரேடு என்ற நிற வரைபடத்தில் பார்க்கிறேன்: சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நின்றால் போதும்.

முகத்தை மட்டும் பிரித்தெடுக்க, நிறத்தை வைத்துத் தெரிவுசெய்யும் குவாலிஃபையரைப் பயன்படுத்தினால் நகைகளும் கூடவே வரும். பொன்னுக்கும் நம் தோலுக்கும் நிறச்சாயல் அவ்வளவு நெருக்கம். விண்டோவோடு சேர்த்து, முகம் அசையும்போது அதைப் பின்தொடரும் டிராக்கரை ஓடவிட்டுத்தான் அதைச் செய்ய வேண்டும்.

மூடுபனிக் காட்சியின் நீலத்தை நீலத்துக்கும் மஞ்சளுக்கும் இடையே நகர்த்தும் டெம்ப் குமிழால் சற்றே இளஞ்சூடாக்குங்கள். முழுவதும் நீக்கினால் அது நம் ஊராகத் தெரியாது. இதைவிடப் பெரிய பிழை, பனியை விரட்ட லிஃப்டைப் பூச்சியம் வரை இறக்குவது. பனியில் உண்மையான கறுப்பு என்று எதுவும் இல்லை. வெளிச்ச அளவைக் காட்டும் வேவ்ஃபார்ம் வரைபடத்தின் அடிப்பகுதி பூச்சியத்துக்கு மேலே மிதப்பதே இயல்பு. அதை இழுத்து இறக்கினால் மணமக்கள் வெட்டி ஒட்டிய படம் போல நிற்பார்கள். உங்கள் கமரா 8 பிட்டில் பதிவதாக இருந்தால் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். மெல்ல மங்கும் பனியை அதிகம் இழுத்தால் வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும்.

இரண்டு கமராவையும் ஒன்றாக்க, நல்லதாகத் தெரிவதை மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஒரு ஸ்டில் (நிலைப்படம்) எடுத்து, அதே நிமிடத்தில் மற்றக் கமரா எடுத்த காட்சியின் பாதித் திரையில் வைத்து ஒப்பிடுங்கள். முதலில் வெளிச்சத்தைச் சமமாக்குங்கள், நிறம் அதற்குப் பிறகு. தலைகீழாகச் செய்தால் முடிவே வராது. அடுத்த கல்யாணத்துக்கு இரண்டு கமராவிலும் வைட் பேலன்ஸை 5600 கெல்வினில் (பகல் வெளிச்சத்துக்கான அளவு) பூட்டிவிட்டு மலைக்குள் போங்கள். இந்த வேலையில் பாதி குறையும். மாலையில் மண்டபத்து விளக்கு மினுங்கினால் அது வேறு சங்கதி, நிறக் கருவிகளால் தீராது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடியில் வைத்தே எடுக்க வேண்டும்.

இன்றிரவு வேலையைத் தொடங்குமுன் மடிக்கணினியின் இரவு ஒளி வசதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது திரையை மஞ்சளாக்கிக்கொண்டிருந்தால், நீங்கள் பொறுமையாகத் திருத்திய எல்லாம் விடிந்ததும் நீலமாகத் தெரியும்.