எல்லை தப்பிய தொகுதிகள்: நீதிமன்றம் திருத்துவது எப்படி?

ஆளும் கட்சி தனக்கு வாகாகத் தொகுதி எல்லைகளை வெட்டி ஒட்டிக்கொள்வதை அமெரிக்காவில் ‘ஜெர்ரிமாண்டரிங்’ என்பார்கள். அங்கே நீதிமன்றங்கள் அத்தகைய வரைபடங்களை ரத்து செய்து, புதிதாக வரையச் சொல்வது பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சில இங்கே.

தொகுதி கோணல்மாணலாக இருந்தாலே மோசடி என்று நீதிமன்றம் முடிவு செய்துவிடுமா? (கும்பகோணம் வாசகர்)

செய்யாது. கோணலுக்கு ஆறோ மலையோ காரணமாக இருக்கலாம். பார்வைக்கு ஒழுங்காக இருக்கும் தொகுதிக்குள்ளும் சூது இருக்கலாம். வேண்டுமென்றே செய்தது என்று காட்ட வேறு சான்று வேண்டும்.

பென்சில்வேனியா வழக்கு இதற்கு நல்ல பாடம். குடியரசுக் கட்சி 2011-இல் வரைந்த வரைபடத்தில் 18 நாடாளுமன்றத் தொகுதிகள். 2012 தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்கு மாநிலம் முழுவதும் பாதிக்குச் சற்று மேல் வாக்கு விழுந்தது. கிடைத்ததோ 5 இடம். அடுத்த இரண்டு தேர்தல்களிலும் அதே 13-5. ஏழாம் தொகுதி ஓரிடத்தில் ஒரே ஓர் உணவகத்தின் அகலத்துக்குச் சுருங்கி, மறுபக்கம் விரிந்தது. படத்தைப் பார்த்த எவருக்கும் சந்தேகம் வரும். ஆனால் வழக்கை வலுவாக்கியது அந்தப் படமல்ல, ஜோவே சென் என்ற பேராசிரியரின் கணினிக் கணக்கு. கட்சி வாக்கு விவரத்தைக் கணினிக்குக் கொடுக்காமல், சமமான மக்கள்தொகை, கச்சிதமான வடிவம், கவுண்டிகளை (அங்குள்ள மாவட்டங்கள்) முடிந்தவரை உடைக்காமல் வைப்பது என்ற விதிகளை மட்டும் சொல்லி 500 வரைபடங்களை உருவாக்கினார். அவை 11 முதல் 16 கவுண்டிகளைத்தான் உடைத்தன. 2011 வரைபடம் உடைத்தது 28. குடியரசுக் கட்சிக்கு 13 இடம் தரும் வரைபடம் அந்த 500-இல் ஒன்றுகூட இல்லை. பதவியில் இருந்த உறுப்பினர்களைக் காப்பாற்றத்தான் அப்படி வரைந்தோம் என்ற வாதம் வரும் என்று எதிர்பார்த்து, அந்த நிபந்தனையையும் சேர்த்து இன்னொரு 500 போட்டார். அதிலும் வரவில்லை. தற்செயல் என்று சொல்ல இடமே இல்லாமல் போனது.

‘வீணான வாக்கு’ என்று ஒரு கணக்கு சொல்கிறார்களே, அது என்ன? (சிவகாசி வாசகி)

ஐந்து தொகுதிகள், ஒவ்வொன்றிலும் 100 வாக்கு என்று வையுங்கள். ‘அ’ கட்சிக்கும் ‘ஆ’ கட்சிக்கும் மொத்தத்தில் ஆளுக்கு 250. ‘ஆ’ ஆதரவாளர்களில் 90 பேரை ஒரே தொகுதியில் அடைத்து, மீதி 160 பேரை நான்கு தொகுதிகளில் நாற்பது நாற்பதாகச் சிதறடித்தால், ‘அ’ நான்கு இடங்களை வெல்லும். தோற்ற இடத்தில் விழுந்த வாக்கு முழுவதும் வீண். வென்ற இடத்தில் பாதிக்கு மேல் விழுந்ததும் வீண். அந்தக் கணக்கில் ‘ஆ’வுக்கு வீணானது 40-உம் 160-உம் சேர்ந்து 200. ‘அ’வுக்கு 10-உம் 40-உம் சேர்ந்து 50. வித்தியாசம் 150, மொத்த வாக்கில் 30 சதவீதம்.

இந்த ஒரு எண்ணை மட்டும் நம்பி வழக்குப் போடக் கூடாது. ஒரு கட்சியின் ஆதரவாளர்கள் பெருநகரங்களில் நெருக்கமாக வாழ்ந்தாலே, யாரும் சூது செய்யாமலே இந்த எண் ஏறும். சென்னின் கணக்கு அந்த ஓட்டையை அடைத்தது. அவருடைய 500 வரைபடங்களிலும் மக்கள் வாழ்ந்தது அதே ஊர்களில்தான்.

‘செல்லாது’ என்று தீர்ப்பு வந்த பிறகு வரைவது யார்? எத்தனை நாள் ஆகும்? (பாளையங்கோட்டை வாசகர்)

முதல் வாய்ப்பு சட்டமன்றத்துக்கே. அது தவறினால் நீதிமன்றம் தானே வரையும். இரண்டுக்கும் தேதி குறிக்காத தீர்ப்பு தேர்தல் நாளில் எவருக்கும் உதவாது.

பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் 2018 ஜனவரி 22 அன்று உத்தரவிட்டது. மாநில அரசமைப்பின் முதல் அத்தியாயம் ஐந்தாம் பிரிவு, தேர்தல்கள் சுதந்திரமாகவும் சமமாகவும் நடக்க வேண்டும் என்கிறது, அதுதான் அடிப்படை. சட்டமன்றம் பிப்ரவரி 9-க்குள் புதிய வரைபடத்தை நிறைவேற்ற வேண்டும், ஆளுநர் 15-க்குள் ஒப்புதல் தர வேண்டும், இல்லையேல் 19-க்குள் நீதிமன்றமே வெளியிடும் என்று மூன்று தேதிகள். சட்டமன்றம் எதையும் நிறைவேற்றவில்லை. தலைவர்கள் தாங்களே ஒன்றை வரைந்து அனுப்ப, ஆளுநர் டாம் வுல்ஃப் நிராகரித்தார். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் நேதனியல் பெர்சிலியின் உதவியோடு நீதிமன்றம் சொன்ன நாளிலேயே வரைபடத்தை வெளியிட்டது. உத்தரவிலிருந்து வரைபடம் வரை நான்கே வாரம். மே 15-இல் நடக்கவிருந்த கட்சி வேட்பாளர் தேர்வு தள்ளிப்போகவில்லை. வேட்புமனுவுக்குக் கையெழுத்து திரட்டும் நாட்களை மட்டும் நகர்த்தினார்கள்.

வரையும்போது முதலில் சரிபார்ப்பது தலைக்கணக்கு. 2010 கணக்கெடுப்பில் மாநில மக்கள்தொகை 1,27,02,379. பதினெட்டால் வகுத்தால் தொகுதிக்கு 7,05,687 அல்லது 7,05,688 பேர்; ஒருவருக்கு மேல் வித்தியாசம் கூடாது. பிலடெல்ஃபியாவில் மட்டும் 15 லட்சத்துக்கு மேல் மக்கள் இருப்பதால் அதை உடைத்தே ஆக வேண்டும். பக்கத்துப் பக்ஸ் கவுண்டியில் 6,25,249 பேர். அதை முழுதாக ஒரே தொகுதியில் வைத்தால் எண்பதாயிரம் பேர் குறைகிறார்கள். அந்த அளவுக்கு மட்டும் மாண்ட்கமரி கவுண்டியிலிருந்து ஓர் ஓரத்தை எடுத்துச் சேர்த்தார்கள். இப்படி ஒவ்வோர் உடைப்புக்கும் ஒரு காரணம் சொல்ல முடிய வேண்டும். புதிய வரைபடத்தில் உடைந்த கவுண்டிகள் 13. அந்த நவம்பரில் முடிவு 9-9.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தத் தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்குப் பாதியைவிட நன்றாகவே கூடுதலாக வாக்கு விழுந்திருந்தது. நியாயமான எல்லை என்பது வாக்கு விகிதத்துக்கு ஏற்ற இடங்களுக்கான உத்தரவாதம் அல்ல.

அலபாமாவில் சட்டவிரோதம் என்று தெரிந்த வரைபடத்திலேயே தேர்தல் நடந்ததாமே? (நாகர்கோவில் வாசகி)

உண்மை. எனக்கு மிகவும் ஆத்திரம் வரும் இடம் இதுதான். அம்மாநிலத்தில் ஏழு தொகுதிகள். மக்களில் சுமார் 27 சதவீதம் கறுப்பினத்தவர். அவர்கள் பெரும்பான்மையாக இருந்தது ஒரே தொகுதியில். இது இனப் பாகுபாட்டைத் தடுக்கும் வாக்குரிமைச் சட்டத்துக்கு முரண் என்று 2022 ஜனவரியில் மூன்று நீதிபதிகள் கொண்ட கூட்டாட்சி நீதிமன்றம் அந்த வரைபடத்துக்கு ஒருமனதாகத் தடை விதித்தது. ஆனால் பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. தேர்தல் நெருங்கிய நேரத்தில் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விதிகளை மாற்றக் கூடாது என்பது 2006-இல் வந்த பர்செல் வழக்கின் கோட்பாடு. அதைத்தான் இரண்டு நீதிபதிகள் காரணம் காட்டினார்கள். அந்த நவம்பர் தேர்தல் பழைய எல்லைகளிலேயே நடந்தது. 2023 ஜூன் 8 அன்று அதே உச்ச நீதிமன்றம், கீழ் நீதிமன்றம் சொன்னது சரி என்று தீர்ப்பளித்தது.

அதன் பிறகும் சட்டமன்றம் பணியவில்லை. இரண்டாவது தொகுதியில் கறுப்பின வாக்காளர் விகிதத்தை 40 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்தி ஒரு வரைபடம் கொடுத்தது. செப்டம்பரில் அது நிராகரிக்கப்பட்டது. நீதிமன்றம் நியமித்த சிறப்பு அலுவலர் மூன்று மாற்று வரைபடங்களைத் தர, அதிலிருந்து ஒன்றை அக்டோபர் 5 அன்று தேர்ந்தார்கள். அதில் அந்த விகிதம் 48.7. 2024-இல் அத்தொகுதியில் ஷொமாரி ஃபிகர்ஸ் வென்றார்.

இத்தகைய வழக்கில் மூன்றைக் காட்ட வேண்டும் என்று 1986-இன் ஜிங்கிள்ஸ் தீர்ப்பு வகுத்தது: சிறுபான்மையினர் ஒரு கச்சிதமான தொகுதியில் பெரும்பான்மையாகும் அளவுக்கு இருக்கிறார்கள், அவர்கள் ஒருமித்து வாக்களிக்கிறார்கள், பெரும்பான்மையினரும் ஒருமித்து வாக்களித்து அவர்களின் வேட்பாளரைத் தோற்கடிக்கிறார்கள். முதலாவதை நிரூபிக்க அலபாமா வழக்கில் 11 மாதிரி வரைபடங்களைக் கொண்டுவந்தார்கள். வெறும் வாயால் ‘முடியும்’ என்று சொன்னால் நிற்காது.

வரைபடம் வந்த பிறகு எங்கே தவறு நடக்கும்? (திருச்சி வாசகர்)

தெருப் பட்டியலில். கோடு ஒரு தெருவின் நடுவே போனால், வலப்பக்க வீடுகள் ஒரு தொகுதி, இடப்பக்க வீடுகள் இன்னொன்று. உள்ளூர்த் தேர்தல் அலுவலகம் ஒவ்வொரு வாக்காளரின் முகவரியையும் சரியான பக்கத்தில் பதிய வேண்டும். 2017-இல் வர்ஜீனியாவின் 28-ஆம் மாநிலச் சட்டமன்றத் தொகுதியில் 147 பேருக்குத் தவறான தொகுதியின் வாக்குச்சீட்டு தரப்பட்டது. வெற்றி வித்தியாசமோ நூறுக்கும் கீழ். ஆகவே எல்லையை வாக்குச்சாவடிப் பகுதியின் ஓரத்தோடு ஓட்டுவது நல்லது. சாவடியை உடைத்தால் பட்டியல் வேலை பெருகும், பிழையும் பெருகும்.

ஒருமுறை திருத்தினால் நிலைக்குமா? (ஈரோடு வாசகர்)

நிச்சயமில்லை. கட்சி ஆதாயத்துக்காக வரைந்ததை விசாரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லிவிட்டது. மாநில நீதிமன்றங்கள்தான் கதி. வட கரோலினாவில் அந்த நீதிபதிகளும் தேர்தலில் வருகிறவர்கள். 2022-இல் நீதிமன்றம் திருத்திய வரைபடத்தில் முடிவு 7-7. அதே தேர்தலில் மாநில உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை மாறியது. 2023 ஏப்ரலில் தன் பழைய தீர்ப்பை அந்த நீதிமன்றமே மாற்றியது. சட்டமன்றம் மறுபடி வரைந்தது, 2024-இல் குடியரசுக் கட்சிக்கு 10, ஜனநாயகக் கட்சிக்கு 4.

நம் நாட்டில் இப்படி வழக்குப் போட முடியுமா? (செங்கல்பட்டு வாசகி)

மக்களவை, சட்டமன்றத் தொகுதிகளுக்கு மிகக் கடினம். அரசமைப்பின் 329-ஆவது பிரிவு, தொகுதி வரையறைச் சட்டத்தை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கக் கூடாது என்கிறது. எல்லைகளை வரையும் தொகுதி வரையறை ஆணையத்தின் உத்தரவுக்கும் அது பொருந்தும் என்று 1966-இல் மேக்ராஜ் கோத்தாரி வழக்கில் தீர்ப்பானது. 2024-இல் குஜராத்தின் பர்தோலி தொகுதி வழக்கில் உச்ச நீதிமன்றம் கதவைச் சற்றுத் திறந்தது: அப்பட்டமாகத் தன்னிச்சையாகவும் அரசமைப்பு விழுமியங்களுக்கு ஒவ்வாததாகவும் இருந்தால் பரிசீலிக்கலாம் என்றது.

உள்ளாட்சியில் உங்கள் மாவட்டமே உதாரணம். 2019-இல் காஞ்சிபுரம், வேலூர், விழுப்புரம், திருநெல்வேலி மாவட்டங்களைப் பிரித்த பிறகு, வார்டு வரையறை முடியாமலே ஊரக உள்ளாட்சித் தேர்தலை அறிவித்தார்கள். திமுக தொடர்ந்த வழக்கில், டிசம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் பழையதும் புதியதுமான ஒன்பது மாவட்டங்களில் தேர்தலை நிறுத்தி, முதலில் வரையறையை முடிக்கச் சொன்னது. மற்ற மாவட்டங்களில் அந்த மாதமே வாக்களித்தார்கள். செங்கல்பட்டு உள்ளிட்ட ஒன்பதிலும் வாக்குப்பதிவு நடந்தது 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்.