பாஸ்டனில் இரண்டு நாள்

கேள்வி: மகளைப் பார்க்க அமெரிக்கா போகிறோம், பாஸ்டனுக்கு இரண்டு நாள்தான் ஒதுக்க முடியும். கார் வாடகைக்கு எடுக்கலாமா? என் கணவருக்கு மூட்டுவலி வேறு.
- ஒரு வாசகி

பதில்: கார் வேண்டவே வேண்டாம்மா. பழைய பாஸ்டன் தெருக்கள் குறுகல், பார்க்கிங்குக்கே பணம் கரைந்துவிடும், சுரங்க ரயில் போதும். பாஸ்டன் காமன் பூங்காவிலிருந்து பங்கர் ஹில் போர் நினைவுத் தூண் வரை சுமார் 4 கிலோமீட்டருக்குத் தரையில் ஒரு சிவப்புக் கோடு போகிறது, ஃப்ரீடம் டிரெயில் என்பார்கள், அதைப் பிடித்துக்கொண்டே நடந்தால் 16 வரலாற்று இடங்கள் வழியிலேயே வந்துவிடும். ஆனால் மூட்டுவலியோடு ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். முதல் நாள் கிரேனரி கல்லறைத் தோட்டம், அப்புறம் ஓல்ட் சவுத் மீட்டிங் ஹவுஸ். 1773இல் பிரிட்டிஷ் வரியை எதிர்த்துக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலையைக் கடலில் கொட்டக் கிளம்பிய கூட்டம் கூடியது அங்கேதான், அவசரப்படாமல் பாருங்கள். மறுநாள் ஓல்ட் நார்த் சர்ச், 1797இல் கடலில் இறக்கிய கான்ஸ்டிடியூஷன் போர்க்கப்பல். பங்கர் ஹில் தூணில் 294 படிகள், லிஃப்ட் கிடையாது, அவர் கீழேயே இருக்கட்டும். திரும்பும்போது, கப்பலும் தூணும் இருக்கும் சார்ல்ஸ்டவுன் பகுதியிலிருந்து படகில் வந்துவிடுங்கள், நடை மிச்சம், துறைமுகமும் பார்த்த மாதிரி ஆகும். போர்க்கப்பலில் ஏற அடையாள அட்டை கேட்பார்கள், பாஸ்போர்ட்டைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.