கோரஸ்ல கத்துறாங்க, தனியா கேட்டா முழிக்கிறாங்க

கேள்வி: அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளி ஒண்ணுல ரெண்டாம் வகுப்பு எடுக்குறேன், மூணு வருஷமாச்சு. இங்கிலீஷ் பீரியட்ல ரைம்ஸ் எல்லாம் ஓடு பறக்குற மாதிரி சொல்றாங்க. ஒவ்வொருத்தரா எழுப்பி கேட்டா முழிக்கிறாங்க. ஒரு பையன் ஜூன்ல இருந்து இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை பேசல. நான் சொல்லிக்கொடுக்குறதுலதான் ஏதோ கோளாறுன்னு தோணுது, என்னன்னு பிடிபடல. என்னை நானே எப்படி சரி பண்ணிக்கிறது?
- ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: டீச்சர், நாளைக்கு இங்கிலீஷ் பீரியட்ல போன்ல வாய்ஸ் ரெக்கார்டரை போட்டு மேஜை மேல வச்சிடுங்க. பத்து நிமிஷம் போதும். யாருக்கும் அனுப்ப வேணாம், வீட்டுக்கு போய் தனியா கேட்டுட்டு அழிச்சிடுங்க. நான் இதை செஞ்சது ரிட்டயர் ஆகறதுக்கு ஆறே வருஷம் இருக்கும்போது, அதுவரைக்கும் நான் ரொம்ப நல்ல டீச்சர்னு ஒரு நினைப்பு. கேட்டா, பத்து நிமிஷத்துல முக்கால்வாசி என் குரல்தான். நடுநடுவுல "புரிஞ்சுதா?"ன்னு ராகம் போட்டு கேக்குறேன், அதே ராகத்துல "புரிஞ்சுது டீச்சர்"னு பதில் வருது. யாருக்கு என்ன புரிஞ்சுதுன்னு எனக்கும் தெரியல, அவங்களுக்கும் தெரியல.

கேக்கும்போது ரெண்டு விஷயத்தை மட்டும் ஒரு பேப்பர்ல கோடு போட்டு எண்ணுங்க. தனிக்குரலா எத்தனை பிள்ளைங்க பேசுச்சு? கேள்வி கேட்டதுக்கும் நீங்களே பதில் சொன்னதுக்கும் நடுவுல எத்தனை செகண்ட் போச்சு? இந்த ரெண்டாவது விஷயத்தை மேரி பட் ரோன்னு கல்வி ஆராய்ச்சி பண்ணின ஒரு அமெரிக்க அம்மா 1970கள்லயே வகுப்பு வகுப்பா டேப் போட்டு பார்த்திருக்காங்க, டீச்சருங்க சராசரியா ஒரு செகண்ட் கூட சரியா காத்திருக்கல. அதை 3 செகண்டா ஆக்கினதும் பதில் நீளமாச்சு, எப்பவும் பேசாத பிள்ளைங்களும் பேச ஆரம்பிச்சாங்க. கேக்க சின்ன விஷயமா இருக்கும், ஆனா வகுப்புல 3 செகண்ட் சும்மா நிக்கிறது எவ்ளோ கஷ்டம்னு நின்னு பாருங்க. நான் மனசுக்குள்ள "ஒண்ணு, ரெண்டு, மூணு"ன்னு எண்ணித்தான் வாயை கட்டினேன்.

கோரஸ் கெட்டதுன்னு சொல்லல. கூச்சப்படுற பிள்ளைக்கு அது ஒரு குடை மாதிரி. ஆனா அந்த குடைக்கு அடியில யார் நனையுறான்னு நமக்கு தெரியாது. ஒரு தடவை "திஸ் இஸ் எ பென்"னு ஒரு வாரமா சொல்ல வச்சுட்டு பென்சிலை தூக்கி காட்டினேன், மொத்த கிளாஸும் கணீர்னு "திஸ் இஸ் எ பென்"! அதனால கோரஸ் முடிஞ்ச கையோட ஒரு வாட்டி தப்பான பொருளை காட்டுங்க, நீங்களே தப்பா சொல்லுங்க, பிள்ளைங்க "நோ டீச்சர்"னு உங்களை திருத்தட்டும். டீச்சரை திருத்துறதுன்னா எந்த பிள்ளைக்குதான் ஆசை இருக்காது.

இன்னொண்ணு யோசிச்சு பாருங்க. உங்க கிளாஸ்ல "மே ஐ கமின் டீச்சர்" எல்லாரும் சொல்றாங்கதானே? அதுக்கு அர்த்தம் யாரும் பிரிச்சு சொல்லிக்கொடுத்திருக்க மாட்டோம், அதை சொன்னாதான் உள்ள வர முடியும், அதனால வந்துடுச்சு. ரைம்ஸ்ல வர்ற நட்சத்திரத்தால அந்த பிள்ளைக்கு ஒரு காரியமும் ஆகல. அப்போ காரியம் ஆகுற இங்கிலீஷை கொஞ்சம் கூட்டுங்க. கலர் பென்சில் டப்பாவை நீங்க வச்சுக்கோங்க, "ரெட் ப்ளீஸ்"னு கேட்டாதான் சிவப்பு கிடைக்கும். (டாய்லெட்டுக்கு மட்டும் இந்த விதி வேணாம் டீச்சர், முழு வாக்கியம் சொல்ற வரைக்கும் நிக்க வச்சு ஒரு பிள்ளை அழுததை பார்த்திருக்கேன்.)

படிக்கிற பக்கம் வந்தா, நம்ம பிள்ளைங்களுக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு. தமிழ்ல ப, ட, ம்-னு கூட்டினா அதுவே "படம்"னு வந்துடும், எழுத்தோட பேரும் ஒலியும் ஒண்ணு. அதே பழக்கத்துல பூனைக்கு எழுதுற c, a, t-யை "சி, ஏ, டி"னு கூட்டினா "சியேடி"ன்னு தானே வரணும், "கேட்" எங்கேர்ந்து வந்துச்சு? பிள்ளை குழம்புறது நியாயம்தான். அதனால எழுத்தோட பேரை கொஞ்ச நாள் ஓரமா வச்சுட்டு க், ஆ-வுக்கும் ஏ-வுக்கும் நடுவுல வர்ற ஒலி, ட்-னு ஒலியை சொல்லி கூட்டுங்க. அதே மாதிரி "பம்பரம்"ல மொத பகரமும் ரெண்டாவது பகரமும் வேற வேற ஒலி, ஆனா நமக்கு ஒரே எழுத்து, அதனால இங்கிலீஷ்ல b, p-ன்னு ரெண்டு எழுத்து ஏன்னு பிள்ளைக்கு புரியாது. தொண்டையில விரலை வச்சு ரெண்டையும் சொல்லச் சொல்லுங்க, பந்தைக் குறிக்கிற "பால்"னு ஆரம்பிக்கும்போது அதிரும், "பென்"னு ஆரம்பிக்கும்போது அதிராது. சிரிச்சுக்கிட்டே அஞ்சு நிமிஷத்துல பிடிச்சுக்குவாங்க.

தமிழ்ல பேசலாமான்னு நீங்க கேக்கல, ஆனா அடுத்த லெட்டர்ல கேப்பீங்க, எல்லாரும் கேப்பாங்க. தாராளமா பேசுங்க. விளையாட்டுக்கு விதி சொல்றது, அழுற பிள்ளையை தேத்துறது எல்லாம் தமிழ்லதான். ஒவ்வொரு இங்கிலீஷ் வரிக்கும் பின்னாடியே தமிழை சொல்றதை மட்டும் நிறுத்துங்க, எப்படியும் தமிழ்ல வரப்போகுதுன்னு தெரிஞ்சா இங்கிலீஷை யார் கேப்பா?

எல்லாத்தையும் ஒரே வாரத்துல பண்ணாதீங்க, எழுத படிக்க கணக்கு போட வைக்கிற அரசோட எண்ணும் எழுத்தும் திட்ட வேலை, பிள்ளைங்களை அரும்பு மொட்டு மலர்னு நிலை பிரிச்சு பதிவு போடுறது எல்லாம் வேற தலைக்கு மேல இருக்கும். ரெண்டு வாரம் அந்த 3 செகண்ட் மட்டும். அப்புறம் மறுபடி ரெக்கார்ட் பண்ணி கோடு போடுங்க, முன்னாடி போட்ட பேப்பர் பக்கத்துல வச்சு பாருங்க.

அந்த பையன் விஷயம். புது மொழிக்குள்ள வர்ற சின்ன பிள்ளைங்கள்ல சிலது மாசக்கணக்குல வாயே திறக்காம கேட்டுக்கிட்டே இருக்கும், அதுவும் கத்துக்கிறதுதான். அவனை எழுப்பி நிக்க வைக்காதீங்க. தினமும் ஹோம்வொர்க் நோட்டு குடுக்குற வேலையை அவன்கிட்ட விடுங்க, நீங்க இங்கிலீஷ்ல "கிவ் திஸ் டு த கேர்ள் நியர் த விண்டோ"ன்னு மட்டும் சொல்லுங்க, கையை காட்டாதீங்க. அவன் பேசலேன்னா பரவாயில்ல, நோட்டு ஜன்னல்கிட்ட போய் சேருதான்னு பாருங்க.